மணிமங்கலம் ஏரியும் கிராம க்ஷேமமும்

தாம்பரத்திற்கு மேற்கே, காஞ்சிபுரம் ஜில்லாவிலுள்ள மணிமங்கலம் மிகப் பழைமையானதோர் கிராமம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சளுக்கிய மன்னன் புலிகேசியை இவ்விடத்தில் வென்றான் எனக் கூரம் செப்பேடு கூறுகிறது. சோழர் காலத்தில் இவ்வூர் செங்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்து, இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயர் பூண்டிருந்தமை இங்குள்ள கோயிற் கல்வெட்டுக்களால் விளங்கும். அரசுகள் பல மாறியும் இங்குச் சாகுபடி நிலைத்திருப்பதற்கு ஏரிப் பாசனமே ஆதாரமாகும்.

இப்பகுதியில் ஆண்டு முழுவதும் நீரோடும் நதி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மழையைத் தேக்கிவைத்தே சம்பாவைக் காத்து, நவரையும் பயிரிடவேண்டும். ஏரிக்கு அங்கங்கள் நான்கு: நீரைக் கொணரும் வரத்துக் கால்வாய், தாங்கும் கரை, வயலுக்கு விடும் மதகு, மிகுதியை வெளியேற்றும் கலங்கல். மேலேரியின் கலங்கல் நீரே கீழேரிக்கு வரத்தாகும். இவ்வாறு சங்கிலிபோல் தொடர்ந்த மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரிலிருந்தே அடையாறு உற்பத்தியாகிறது.

இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு முற்காலத்தில் ஊராரிடமே இருந்தது. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்னும் சபையைக் குறிப்பிடுகின்றன. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பவர் செங்கற்பட்டு ஜாகீரிற் செய்த கணக்கெடுப்பில், களத்து நெல்லில் ஏரிக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது காணப்படுகிறது. கும்பெனி ஆட்சியில் இத்தகைய பங்குகள் குறையவே, ஊரார்க்கு வேலை செய்யும் வசதியும் குன்றிற்று. குடிமராமத்தைக் கட்டாயமாக்க 1858-இல் சட்டம் இயற்றியும் பழைய நிலை திரும்பவில்லை. மேலும், மண் சுமந்தவர் பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்கள். பாசனப் பயனோ நிலமுடையோர்க்கே சேர்ந்தது. இக்குறையை நாம் மறைத்தல் தகாது.

ஏரியையும் கால்வாயையும் புறக்கணிப்பதால் வரும் தீங்கு ஓர் ஊரோடு நில்லாது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நீர் செல்லவேண்டிய வழிகள் குறுகியும், வயல்கள் மனைகளாகியும் இருந்தபடியால், முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வெள்ளம் வீடுகளுட் புகுந்தது. பின்னர், 2017 மார்ச்சில் அரசினர் 100 கோடி ரூபாய் மதிப்பில் 1,519 பணிகளைக் கொண்ட புதிய குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலம் ஏரியிலேயே தொடங்கினர்.

எனினும், ஒருமுறை தூர் வாருவதோடு கடமை தீர்ந்துவிடாது. ஆண்டுதோறும் புரட்டாசிக்கு முன் ஆயக்கட்டுதாரர்கள் கரைமீது நடந்து, எலி வளைகளையும் நண்டு வளைகளையும் கண்டு களிமண்ணால் அடைத்தல் வேண்டும். மதகின் அடைப்பு சரியாய் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். அதிக நீர் தேக்கும் ஆசையால் கலங்கலின்மேல் கல்லும் மண்மூட்டையும் அடுக்குதல் கரையையே உடைத்துவிடும். அதனை அறவே விலக்குக. வண்டலை உரிய அனுமதி பெற்று வயலுக்கு எடுப்பது நன்று. ஆயினும் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டலாகாது. வேலை செய்வோர்க்கு முறையான கூலி கொடுக்கப்படவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் வரத்துக் கால்வாய், உபரிக் கால்வாய் ஆகிய இரண்டின் எல்லைகளையும் புலப்படத்தோடு ஒப்பிட்டு அளந்து, ஆக்கிரமிப்பு சிறிதாயிருக்கும்போதே தாசில்தாருக்குத் தெரிவிப்பாராக. கோடையில் வறண்டு கிடக்கும் கால்வாயைத் தரிசு என்று எண்ணுதல் பெரும் பிழை. அதன் பயனும் அதனை மறித்ததன் கேடும் ஐப்பசி மழையில் ஒரே நாளில் விளங்கிவிடும்.