மேல்நிலைப் படிகள் – 6: விடைக்கு முன்னால் வரும் கேள்விகள்

பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வரும் வாரத்தில் பல வீடுகளில் ஒரே மாதிரிப் பேச்சுதான் நடக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை, இப்போது ஐம்பதைத் தாண்டத் திணறுகிறது. செல்போன்தான் காரணம் என்பார் அப்பா. டியூஷனை மாற்றிப் பார்க்கலாம் என்பார் அம்மா. எங்கே சறுக்கினோம் என்று பிள்ளைக்கும் சொல்லத் தெரியாது. போன வாரம் குரூப் தேர்வு செய்வதைப் பற்றிப் பேசினோம். கணக்குள்ள குரூப்பை எடுத்தவர்களுக்காக இந்த வாரம் இயற்கணிதம். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளையின் சோம்பலை இதற்குக் காரணமாகச் சொல்வது நியாயமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு இயற்கணிதமும் லேசானதல்ல. மூன்று மாறிகளில் ஒருபடிச் சமன்பாடுகள், பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, அணிகள் எல்லாம் அங்கேயே வந்துவிடுகின்றன. ஆனால் அங்கே கேள்வியைப் படித்ததுமே எந்த முறை என்று தெரிந்துவிடும். முறை தெரிந்தால் விடை வந்துவிடும். விடை என்று ஒன்று உண்டா என்ற சந்தேகமே யாருக்கும் வராது. மேல்நிலையில் அந்தச் சந்தேகம்தான் பாடம். விடை இருக்கிறதா? இருந்தால் எத்தனை? எந்த எல்லைக்குள்? நான் எழுதிய வரியிலிருந்து முந்தைய வரிக்குத் திரும்பிப் போக முடியுமா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் எழுதும் விடைக்கு மதிப்பெண் குறையும். சில சமயம் விடையே தப்பாகிவிடும்.

பிளஸ் ஒன் புத்தகத்தின் இரண்டாம் பாடத்துக்கு 'அடிப்படை இயற்கணிதம்' என்று பெயர். அடிப்படைதானே என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். மட்டு மதிப்பு, அசமன்பாடு, பகுதிப் பின்னம், மடக்கை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். எக்ஸுடன் 7 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸ் − 5 கிடைக்கிறது. எக்ஸ் என்ன? இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் எக்ஸ்² − 11எக்ஸ் + 18 = 0 என்று வரும். காரணிப்படுத்தினால் 9, 2 என்று இரண்டு விடைகள். பத்தாம் வகுப்புப் பழக்கத்தில் இரண்டையும் எழுதிக் கோடு போட்டுவிடுவோம். 9ஐப் பொருத்திப் பார்த்தால் சரி: 16இன் வர்க்கமூலம் 4, 9 − 5 = 4. இப்போது 2ஐப் பொருத்துங்கள். இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. இந்த 2 கணக்கில் இருந்ததே இல்லை. வர்க்கப்படுத்தியபோது உள்ளே நுழைந்துவிட்டது. செய்முறையில் ஒரு பிழையும் கிடையாது, ஆனாலும் விடை தப்பு. முதல்முறை இதைப் பார்க்கும் பிள்ளை ஆடிப்போவது நல்லதுதான். அன்றைக்குத்தான் அது உண்மையாக இயற்கணித வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

அசமன்பாட்டிலும் இதே கதை. ஒன்றை எக்ஸால் வகுத்தால் வருவது ஒன்றைவிடச் சிறியது என்று கொடுத்தால், பாதி வகுப்பு உடனே எக்ஸால் பெருக்கி, 'எக்ஸ் ஒன்றைவிடப் பெரியது' என்று முடித்துவிடும். குறை எண்கள் எல்லாம் அந்த ஒரு பெருக்கலில் காணாமல் போய்விட்டன. எக்ஸ் −3 என்றால் வருவது −1/3. அதுவும் ஒன்றைவிடச் சிறியதுதானே? மிகையா குறையா என்று தெரியாத ஓர் எண்ணால் பெருக்கும்போது குறி திரும்புமா திரும்பாதா என்று முதலில் கேட்க வேண்டும். இதைக் கேட்கும் பழக்கம் வர இரண்டு மாதமாவது பிடிக்கும். காலாண்டுத் தேர்வு அதற்குள் வந்துவிடுகிறது.

அடுத்து வரும் பாடங்களில் ஈருறுப்புத் தேற்றமும் பெர்முடேஷன்–காம்பினேஷனும் பயிற்சியால் படிந்துவிடும். கணிதத் தொகுத்தறிதல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 'கே' என்ற எண்ணுக்குக் கூற்று உண்மை என்று வைத்துக்கொண்டு 'கே பிளஸ் ஒன்'னுக்கு நிரூபி என்கிறார்கள். நன்றாக யோசிக்கும் பிள்ளைதான் இங்கே கையைத் தூக்கும்.

"சார், எதை நிரூபிக்கணுமோ அதையே உண்மைன்னு வச்சுக்கிறோமே சார்?"

"உண்மைன்னு சொல்லலப்பா. கே-க்கு இருந்துச்சுன்னா அடுத்ததுக்கும் இருந்தே ஆகணும்னு மட்டும்தான் காட்டுறோம். ஒன்னுக்கு இருக்குன்னு தனியா காட்டினோமே, ரெண்டையும் சேர்த்துப் பாரு."

இந்தக் கேள்வி கேட்கப்படாத வகுப்பில் தொகுத்தறிதல் வெறும் நான்கு வரி மனப்பாடமாகிவிடும். கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்கி உட்கார வைக்காத ஆசிரியர் கிடைத்தால் அது பெரிய பேறு.

பிளஸ் டூவில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் மூன்றாவது, சமன்பாட்டியல். மேல்நிலை இயற்கணிதம் எதைக் கற்றுத்தர வருகிறது என்பது இங்கே பளிச்சென்று தெரியும். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள். எக்ஸ்³ − 5எக்ஸ்² + 3எக்ஸ் + 2 = 0. இதைத் தீர்க்கப் போவதில்லை. தீர்க்காமலேயே என்னென்ன சொல்ல முடியும் என்று பார்ப்போம்.

மூன்று மூலங்கள் உண்டு. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைப்போம். கெழுக்களைப் பார்த்தாலே மூன்றின் கூடுதல் 5 என்று தெரியும். இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 3. மூன்றையும் பெருக்கினால் −2. பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர் வியட்டாவின் பெயரில் வழங்கும் சூத்திரங்கள் இவை. சரி, மூலங்களின் வர்க்கங்களைக் கூட்டினால்? கூடுதலின் வர்க்கம் 25; அதில் 3இன் இரு மடங்கான 6ஐக் கழித்தால் 19. ஒரு மூலம்கூட இன்னும் கைக்கு வரவில்லை, வர்க்கங்களின் கூடுதல் வந்துவிட்டது.

விகிதமுறு மூலம் இருக்குமா? இருந்தால் அது மாறிலி உறுப்பான 2ஐ வகுக்கும் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் முதல் கெழு 1. 1, −1, 2, −2 ஆகிய நான்கையும் பொருத்தினால் 1, −7, −4, −32 என்று வருகிறது. எதுவும் பூச்சியமில்லை. ஆக, பின்னமாக எழுதக்கூடிய மூலம் இந்தச் சமன்பாட்டுக்குக் கிடையவே கிடையாது. இனி எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

அடுத்து டெகார்ட்டேயின் குறி விதி. கெழுக்களின் குறிகளை வரிசையாகப் படியுங்கள்: மிகை, குறை, மிகை, மிகை. இரண்டு முறை மாறுகிறது. எனவே மிகை மூலங்கள் இரண்டு, அல்லது ஒன்றுகூட இல்லை. எக்ஸுக்குப் பதில் மைனஸ் எக்ஸ் போட்டுப் பார்த்தால் குறி ஒரே ஒரு முறை மாறுகிறது. எனவே குறை மூலம் சரியாக ஒன்று. முன்பே போட்டுப் பார்த்த மதிப்புகள் இங்கே உதவிக்கு வருகின்றன. 1இல் மதிப்பு 1, 2இல் −4. மிகையிலிருந்து குறைக்கு இறங்கும்போது எங்கோ பூச்சியத்தைக் கடந்தாக வேண்டும். ஆக, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு மூலம். மிகை மூலம் ஒன்று இருந்துவிட்டால் இரண்டாகத்தான் இருக்க வேண்டும். 4இல் −2, 5இல் 17 என்று வருவதால் அந்த இன்னொன்றும் அகப்பட்டுவிட்டது. பூச்சியத்தில் 2, −1இல் −7. குறை மூலத்தின் இருப்பிடமும் தெரிந்துவிட்டது.

பிள்ளைகள் இந்தப் பாடத்தில் குழம்புவது கணக்கு கடினமாக இருப்பதால் அல்ல என்று நினைக்கிறேன். "கடைசியில் எக்ஸ் எவ்வளவு சார்?" என்ற கேள்வியை விட மனசு வராததுதான் காரணம். எக்ஸ் எவ்வளவு என்று தெரியாமலேயே எக்ஸைப் பற்றி இவ்வளவு பேசலாம் என்பதை ஏற்றுக்கொள்ள ஒரு பருவம் முழுதும் தேவைப்படலாம். தேவைப்படட்டும்.

இந்த இடத்தில் நம் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவரைச் சொல்லியாக வேண்டும். டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜனுக்கு 1902இல் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை தெரியவந்தது. அதை வைத்துக்கொண்டு நாற்படிச் சமன்பாட்டுக்கு அவர் தாமாகவே ஒரு வழி கண்டார். அடுத்து ஐந்துபடிக்குப் போனார். வேர்க்குறிகளை மட்டும் வைத்து ஐந்துபடிக்குப் பொதுச் சூத்திரம் எழுதவே முடியாது என்று நார்வே நாட்டு ஏபெல் 1824லேயே நிரூபித்திருந்தார். அந்தச் செய்தி ராமானுஜனுக்கு எட்டவில்லை. முட்டி மோதிப் பார்த்தார், வரவில்லை. இன்றைக்குப் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அந்தச் செய்தி வகுப்பிலேயே கிடைக்கக்கூடும். ஒரு காரியம் நடக்காது என்பதையே ஒருவர் நிரூபித்துக் காட்டினார் என்று கேள்விப்படும் வயது அது. பாடம் நடத்துபவர்கள் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். தேர்வில் வராதே என்று தாண்டிப் போய்விடக் கூடாது.

கலப்பு எண்களும் அப்படித்தான். எக்ஸ் வர்க்கமும் ஒன்றும் சேர்ந்து பூச்சியம் என்ற சமன்பாட்டுக்கு விடை வேண்டுமே என்று 'ஐ' என்ற எண்ணை உண்டாக்கியதாக வகுப்பில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்கு அது வீம்பாகத் தெரியும். விடை இல்லையென்றால் இல்லை என்று விட்டுவிடலாமே! நடந்தது வேறு. இத்தாலிய அறிஞர் கார்டானோ 1545இல் வெளியிட்ட நூலில் முப்படிச் சமன்பாட்டின் சூத்திரம் இருந்தது. எக்ஸ்³ = 15எக்ஸ் + 4 என்ற சமன்பாட்டுக்கு 4 ஒரு விடை; பொருத்திப் பார்த்தாலே 64 = 64. ஆனால் சூத்திரத்தில் போட்டால் நடுவே −121இன் வர்க்கமூலம் வந்து நிற்கிறது. கண்ணெதிரே இருக்கும் 4ஐச் சூத்திரம் காட்ட மறுக்கிறது. 1572இல் பொம்பெல்லி என்ற இன்னொரு இத்தாலியர் துணிந்து அந்த வர்க்கமூலத்தையும் எண்ணாகவே பாவித்துக் கூட்டிப் பெருக்கினார். 2 + ஐ என்பதை மும்முறை பெருக்கினால் 2 + 11ஐ. அதன் இணையான 2 − ஐ என்பதை மும்முறை பெருக்கினால் 2 − 11ஐ. சூத்திரம் கேட்டது இந்த இரண்டின் கனமூலங்களைத்தான். 2 + ஐ, 2 − ஐ இரண்டையும் கூட்டினால் 4. மெய்யான விடைக்குப் போகும் வழி கற்பனை எண்களின் ஊடாகப் போயிற்று. கற்பனை எண் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியாது.

அணிகள் பாடத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வேலை அதிகம், குழப்பம் குறைவு. கூட்டல் கழித்தலில் ஒரு குறி தப்பினால் இரண்டு பக்கமும் வீணாகும் என்பதுதான் அதன் ஆபத்து. பிளஸ் டூ புத்தகத்தில் கிராமரின் விதிக்குக் கொடுத்திருக்கும் ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும். கடைசிப் பந்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆறு ரன் வேண்டும். அடித்த பந்து மூன்று புள்ளிகள் வழியாகப் போகிறது. போகும் பாதை ஓர் இருபடிச் சார்பு. மூன்று புள்ளிகள், தெரியாத மூன்று கெழுக்கள், மூன்று சமன்பாடுகள். தீர்த்து, 70 மீட்டரில் உள்ள எல்லைக்கோட்டின் மேல் பந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் 6 மீட்டர். சிக்ஸர்தான். அதே பாடத்தில் ஐசோப்ரீன் எரியும் வேதிச் சமன்பாட்டைக் காஸ் நீக்கல் முறையில் சமன்செய்யச் சொல்கிறார்கள்: ஒரு பங்கு ஐசோப்ரீன், ஏழு பங்கு ஆக்சிஜன் சேர்ந்து, ஐந்து பங்கு கார்பன் டை ஆக்சைடும் நான்கு பங்கு நீரும். கெமிஸ்ட்ரி வகுப்பில் கண்ணால் பார்த்துத் தட்டுத் தடுமாறிச் சமன்செய்ததை இங்கே முறையாகச் செய்யலாம். இதில் சமன்பாடுகளைவிட மாறிகள் அதிகம், எனவே தீர்வுகள் எண்ணற்றவை. அவற்றிலிருந்து மிகச் சிறிய முழு எண்களை நாம்தான் பொறுக்கி எடுக்கிறோம். எத்தனை விடை என்ற கேள்வி இங்கேயும் முன்னால் வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

தேர்வைப் பற்றியும் பேசியாக வேண்டும். பிளஸ் டூ கணக்கில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். 'புக்-பேக்' ஒன் வேர்டுகளை எண்ணும் விடைக்குறியுமாக மனப்பாடம் செய்யும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. வினாவில் ஒரு குறியையோ கெழுவையோ மாற்றிக் கேட்டால் அந்தப் பிள்ளைக்குப் போக்கிடமில்லை. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு கட்டாயக் கேள்வி உண்டு. அதற்குச் சாய்ஸ் கிடையாது. ஐந்து மதிப்பெண் கணக்குகளில் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்பதால், கடைசி விடை தப்பானாலும் வரி வரியாகக் காரணம் எழுதியவர் முழுதாக இழப்பதில்லை. கைடைப் பார்த்து எழுதிப் பழகுவதைவிட, கைடை மூடிவைத்துப் பாதியில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது மேல். வீட்டில் இருப்பவர்கள் அந்த அரை மணி நேரத்தைப் பார்த்து 'சும்மா உட்கார்ந்திருக்கிறான்' என்று சொல்லாமல் இருந்தால் போதும், பெரிய உதவி.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் வெகுகாலம் இருந்தது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது அது கட்டுக்குள் வந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது பற்றி எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய வழக்கம் திரும்பினால் முதல் அடி இயற்கணிதத்தில்தான் விழும். அசமன்பாடும் பல்லுறுப்புச் சார்பும் படியாத பிள்ளை, சமன்பாட்டியலில் குறி விதியை வெறும் விதியாகத்தான் எழுதும். பகுதிப் பின்னம் தெரியாத பிள்ளை தொகையிடலில் தவிக்கும். எனவே பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போகும்போது ஹாஸ்டல், பஸ், நீட் கோச்சிங் எல்லாம் விசாரித்த பிறகு, பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டு தொகுதிகளையும் எந்தெந்த மாதத்தில் நடத்தி முடிப்பீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். முதல்வர் பொதுவாகப் பதில் சொன்னால் கணக்கு ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் நோட்டு ஒன்றைப் புரட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பகுதிப் பின்னத்துக்கும் தொகுத்தறிதலுக்கும் எத்தனை பக்கம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

(அடுத்த வாரம்: நுண்கணிதம்)