அவசரக் கருத்தடை மாத்திரை

தமிழகத்து மருந்துக் கடைகளில் அரிதாகவே அகப்படும் இம்மாத்திரை, தில்லியிலும் மும்பையிலும் எளிதில் கிடைக்கிறது. சட்டம் எங்கும் ஒன்றே. மருத்துவர் சீட்டின்றி இதனை விற்க மத்திய அரசு 2005-ஆம் ஆண்டில் இசைந்தது. ‘லெவோநார்ஜெஸ்ட்ரல்’ என்னும் மருந்துப் பெயர் எம்மொழியிலும் மாறாதாகையால், இந்தியோ மராத்தியோ வராத நம்மவரும் கூசாமல் கேட்கலாம். கணவர் சென்று வாங்குவதிலும் இழுக்கில்லை.

இது கருவைக் கலைக்கும் மருந்தென்று பலர் அஞ்சுகின்றனர். அஃது உண்மையன்று. சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துவதே இதன் வேலை. கரு தங்கிய பின் உண்டால் பயனுமில்லை, அக்கருவுக்குத் தீங்குமில்லை. ஆதலின் காலமே இங்குப் பெரிது. 72 மணி நேரம் என்பது கடைசி வரம்பு. அதுவரை காத்திருக்கலாம் என்று கொள்ளலாகாது. உறவுக்குப் பின் எவ்வளவு விரைவில் 1.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை உட்கொள்கிறோமோ அவ்வளவு நன்று. இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தியெடுத்தால் இன்னொன்று உண்ண வேண்டும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உண்போரும், வலிப்புக்கு மருந்துண்போரும் முதலில் மருத்துவரைக் கேட்பது நலம். அம்மருந்துகளுட் சில இம்மாத்திரையின் வலிமையைக் குறைக்கும். வழக்கமான கருத்தடைக்கு இது ஏற்றதன்று. அதற்குக் காப்பர்-டி முதலிய முறைகள் உள்ளன. மாதவிலக்கு ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.