ஊரில் அம்மாவுக்கு ஆபத்து... கையில் பணமில்லையா?

இவ்வார உரையாடலில் பேசியதன் சுருக்கம் இது.

கேமரன் மலை தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரருக்கு நள்ளிரவில் அழைப்பு வருகிறது. "அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆபரேஷனாம். உடனே பணம் அனுப்புப்பா!" பதறியடித்து வட்டி முதலையிடம் போய் நிற்பவர்கள் உண்டு. அதற்கு முன்பு ஊருக்கு அழைத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா? 2012-இல் தொடங்கிய இத்திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இதய அறுவை சிகிச்சைகளும் இதில் அடங்கும்.

இரண்டு, அம்மாவைச் சேர்த்திருப்பது இத்திட்டத்தில் உள்ள மருத்துவமனையா? இல்லையென்றால், வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் மாற்றாதீர்கள்.

அதன் பிறகும் பணம் தேவையா? மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அதைக் காட்டி நண்பர்களிடம் கேளுங்கள். தருபவருக்கும் நம்பிக்கை வரும். முடிந்தால் பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துங்கள்.

உதவ நினைக்கும் மலேசிய உறவினருக்கும் ஒரு வழியுண்டு. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாவது கணக்கில் பணமிருந்தால், 55 வயதுக்குட்பட்டவர்கள் காரணம் சொல்லாமலே எடுக்கலாம். குறைந்தது 50 வெள்ளி.

அந்த அட்டை எங்கே இருக்கிறது? அம்மா நலமாக இருக்கும் இன்றே கேட்டு வையுங்கள்.