பிரியா கொட்டகை முதல் பிவிஆர் ஐநாக்ஸ் வரை

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலைக்காகத் தில்லி வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சென்னையில் ஓடி ஓய்ந்த படம் ரயிலில் பெட்டியாக வந்து இறங்கும். "பெட்டி வந்துருச்சா?" என்று அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வோம். கரோல்பாகிலிருந்தும் ராமகிருஷ்ணாபுரத்திலிருந்தும் குடும்பத்தோடு பஸ் பிடித்துப் போவோம். மதியத்துக்கு மேல் அந்தத் திரை இந்திப் படத்துக்குச் சொந்தம். நமக்கு மட்டும் ஏன் ஞாயிறு காலை என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். காரணம் எளியது. கொட்டகையில் ஏறக்குறைய ஆயிரம் நாற்காலி. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அதை நிரப்ப நமக்கு ஆள் கிடையாது.

இந்தக் கணக்கை மாற்றிய கதையும் தில்லியில்தான் தொடங்குகிறது. வசந்த் விஹாரை ஒட்டிய பசந்த் லோக் கடைவீதியில் பிரியா என்றொரு ஒற்றைத் திரைக் கொட்டகை. லாரிப் போக்குவரத்துத் தொழில் செய்துவந்த பிஜ்லி குடும்பம் 1978-ல் அதை வாங்கியது. அந்த வீட்டுப் பிள்ளை அஜய் பிஜ்லி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்து, நல்ல ஒலியமைப்போடு ஆங்கிலப் படங்களைத் திரையிட்டார். 1995-ல் ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்ஷோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார். பிரியா, வில்லேஜ், ரோட்ஷோ: மூன்றின் முதலெழுத்துகள்தான் பிவிஆர். கூட்டாளி சில ஆண்டுகளில் விலகிவிட்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது!

சாகேத்தில் இருந்த அனுபம் கொட்டகையை நான்கு திரைகளாகப் பிரித்து 1997-ல் திறந்தார்கள். நம் நாட்டு மல்ட்டிபிளெக்ஸ் கதை அங்கிருந்துதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதே 1997, ஜூன் 13 அன்று, அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிரீன் பார்க்கில் உபஹார் கொட்டகையில் தீப்பிடித்தது. 'பார்டர்' படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் கிளம்பிய புகை மாடிக்கு ஏறியது. கூடுதல் நாற்காலிகள் போட்டு வழியை அடைத்திருந்ததால் பால்கனியில் இருந்தவர்களால் வெளியேற முடியவில்லை. 59 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பழைய கொட்டகைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகப் பயந்த பெற்றோரை நான் அறிவேன். புதிய அரங்குகளின் வெளிச்சமும் அகன்ற நடைவழியும் அவர்களை இழுத்ததில் வியப்பில்லை.

இனி அந்தக் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் நாற்காலியுள்ள ஒரே மண்டபத்தில் ஒரு படம் விழுந்தால் வாரம் முழுக்க நட்டம். அதையே நாலாகப் பிரித்துவிட்டால், ஓடுகிற படத்துக்கு இரண்டு திரை கொடுத்து, ஓடாத படத்தைச் சின்ன அரங்குக்குத் தள்ளிவிடலாம். காட்சி நேரங்களை மாற்றி மாற்றி வைப்பதால் இடைவேளைகளும் ஒன்றாக வராது. அதே ஆட்களை வைத்தே தின்பண்டக் கடையை நாள் முழுக்க நடத்தலாம். பல மாநிலங்கள் சில ஆண்டுகளுக்குக் கேளிக்கை வரியில் விலக்கும் தந்தன. இருநூறு பேர் மட்டும் பார்க்கக்கூடிய படத்துக்கும் இடம் கிடைத்தது. தமிழ்ப் படம் தில்லியில் வெளியான அன்றே, சனிக்கிழமை மாலையிலும் ஓடத் தொடங்கியது இப்படித்தான். பின்னால் டிஜிட்டல் வந்ததும் பெட்டிக்கும் வேலையில்லாமல் போயிற்று.

2006-ல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு பிவிஆர் வளர்ந்தது பெரும்பாலும் பிறரை வாங்கித்தான். 2012-ல் சினிமேக்ஸ், 2016-ல் டிடி சினிமாஸ், 2018-ல் சென்னை சத்யம் குழுமமான எஸ்பிஐ சினிமாஸ். ராயப்பேட்டை சத்யம் தில்லிக்காரர் கைக்குப் போயிற்று என்று ஊரில் உறவினர்கள் வருந்தியது நினைவிருக்கிறது. இதற்கிடையே போட்டியாளரான ஐநாக்ஸ் 2014-ல் வாங்கியது தில்லியின் சத்யம் சினிப்ளெக்ஸ்! இரண்டு சத்யமும் பிறகு ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கொரோனாவில் அரங்குகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, கடன் ஏறி, வீட்டுத் திரை வலுத்த நிலையில், 2022 மார்ச்சில் இரு நிறுவனங்களும் இணைவதாக அறிவித்தன. அப்போது பிவிஆரிடம் 871 திரை, ஐநாக்ஸிடம் 675, சேர்த்து 1546. இணைப்பு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களிலேயே நட்டத்தில் ஓடும் ஐம்பது திரைகளை மூடப்போவதாகவும் அறிவித்தார்கள்.

விலை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாடு அரசு 2017-ல் மல்ட்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. தில்லியில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. வார இறுதியில் நால்வர் போனால், சோளப்பொரியும் சேர்த்து, ஒரு சின்னக் குடும்பத்தின் மாதக் காய்கறிச் செலவு. கையில் கட்டிக்கொண்டு போகும் புளியோதரைப் பொட்டலத்துக்கும் இனி வழியில்லை. வெளி உணவைத் தடுக்க அரங்குக்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடிதண்ணீர் மட்டும் இலவசமாகத் தர வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்த நம் சலவைக்கார நண்பரையும் கேன்டீன் பையன்களையும் புதிய அரங்குகளில் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு புதன்கிழமை இரவு, நொய்டாவில் ஒரு தமிழ்ப் படத்துக்குப் போயிருந்தேன். எங்களோடு சேர்த்து எட்டுப் பேர். படம் தடையில்லாமல் ஓடியது. பழைய நாளாக இருந்தால் எட்டுப் பேருக்கு விளக்கை அணைத்திருக்கவே மாட்டார்கள். இடைவேளையில் ஒவ்வொருவரும் கைப்பேசியில் முகம் புதைத்திருந்தார்கள். பின்வரிசை இளைஞனிடம் "தம்பி, எந்த ஊரு?" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "திருநெல்வேலிப் பக்கம், சார்" என்றான். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.