மூன்றாவது கை

மரவேலை பழகப் புகுவோர் முதலில் வாங்குவது உளி, ரம்பம், இழைப்புளி ஆகியவற்றை. மேசையைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதன் பயனாக என் இடது உள்ளங்கையில் மூன்று தையல்கள் விழுந்தன.

நம் சங்கத்துத் தமிழ்ப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் நெடுநாள் அடைபட்டுக் கிடந்ததை நண்பர்கள் அறிவார்கள். அவற்றுக்கு ஓர் அலமாரி செய்து தருவதாகக் கூட்டத்தில் எழுந்து வாக்களித்துவிட்டேன். கைதட்டலும் கிடைத்தது. மறுநாள் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் பலகையை வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் உளியைத் தள்ளினேன். பலகை நழுவிற்று. உளியோ தான் செல்ல நினைத்த திசையில் நேரே சென்றது. தையல் போட்ட மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உளிக்கு முன்னால் உங்கள் கைக்கு என்ன வேலை?"

அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை. மரத்தைப் பிடிப்பது கையின் வேலை அன்று, மேசையின் வேலை. இரண்டு கைகளும் கருவிக்கு உரியவை. மரத்தைப் பிடிக்கும் மூன்றாவது கையாக மேசை அமையவேண்டும்.

"நம் நாட்டுத் தச்சர்களுக்கு ஏது மேசை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரூர்க்கிக்கு அண்மையில் உள்ள சகாரன்பூர், மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே தரையில் அமர்ந்து சீஷம் மரத்தில் பூவும் கொடியும் செதுக்குவோரைப் பார்த்திருக்கிறேன். பாதமும் கால் விரல்களுமே மரத்தை அசையாமல் கவ்விக்கொள்கின்றன. சிறு வயது முதல் பழகிய உடம்பு அது. உடம்பே அவர்களுக்கு மேசை. நாற்காலியில் அமர்ந்தே வளர்ந்த என் முழங்கால்கள் கால் மணி நேரத்தில் முறையிடத் தொடங்கிவிட்டன. ஆகவே அவர்கள் காலால் செய்வதை நான் கட்டையாலும் இரும்பாலும் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஆய்வு முடித்து ஊர் திரும்பிய நண்பர் ஒருவரின் பழைய மர மேசையை வாங்கினேன். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், முப்பது அங்குல உயரம். எழுதுவதற்கு நல்ல மேசை. ஆனால் இழைப்புளியைத் தள்ளியவுடன் படகுபோல் ஆடிற்று. எனவே முதல் திருத்தம் ஆட்டத்தை நிறுத்துவதே.

மேசை ஆடுவது நீளவாக்கில். இழைக்கும்போது நாம் தள்ளும் திசையும் அதுவே. கால்களுக்கிடையே தரையிலிருந்து ஆறு அங்குல உயரத்தில் நான்கு புறமும் குறுக்குச் சட்டங்கள் அமைத்தேன். பின்புறத்தில் மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டமும் கொடுத்தேன். சட்டங்களின்மேல் ஒரு பலகை பரப்பி, அதில் இருபது செங்கற்களை அடுக்கினேன். செங்கல் ஒன்று ஏறத்தாழ மூன்று கிலோ என்றால், அறுபது கிலோ எடை கிடைத்துவிட்டது. கால்களின் அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டியதும் மேசை வழுக்குவதும் நின்றது. கீழ்வீட்டார் முறையிடுவதும் நின்றது.

இந்தச் சட்டங்களைப் பசையிட்டு ஒட்டவில்லை. போல்ட்டும் நட்டும் கொண்டு முடுக்கினேன். வாடகை வீட்டில் இருப்பவன் என்றைக்காவது மூட்டை கட்டவேண்டியவன் அல்லவா? இதில் எனக்கு வழிகாட்டி, இவ்வூரின் பெயரையே தாங்கிய 'ரூர்க்கி நாற்காலி'. ஆங்கிலேயர் காலத்துப் படை முகாம்களில் அதிகாரிகள் பயன்படுத்திய நாற்காலி அது. கூம்பிய முனையுள்ள சட்டங்கள் கால்களின் துளைகளில் செருகி நிற்கும். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. தோல் வார்களின் இறுக்கமும் அமர்பவரின் எடையுமே அதைக் கட்டிக்காக்கும். கழற்றினால் ஒரு சிறு கட்டு. மாணவர்களுக்கு ஏற்ற தத்துவம் இதைவிட வேறில்லை.

அடுத்தது உயரம். இதற்கு ஊருக்கெல்லாம் பொதுவான அளவு கிடையாது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். இழைக்கும் மேசை, விரல் மொளிக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பது நலம். அப்போதுதான் தோளும் உடல் எடையும் சேர்ந்து தள்ளும். நம் கடைகளில் கிடைக்கும் மர இழைப்புளி, இரும்பு இழைப்புளியைக் காட்டிலும் உயரமானது. அதைப் பயன்படுத்துவோர் மேசையைச் சற்றுத் தாழ்வாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தடி ஆறங்குல உயரமுள்ள எனக்கு முப்பது அங்குலம் பொருந்திற்று. ஆனால் கழுந்து அறுப்பது போன்ற நுண்ணிய வேலைக்கு அந்த உயரத்தில் குனிந்தால் முதுகு வலிக்கும். அதற்காக மேசையின்மேல் வைத்து எடுக்கத்தக்க ஆறங்குல உயரப் பெட்டி ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டேன்.

மூன்றாவது, மேற்பலகை. பழைய பலகை ஓர் அங்குலக் கனமே இருந்தது, அடித்தால் துள்ளும். அதன்மேல் ஒன்றரை அங்குல மாம்பலகைகளை இணைத்துப் பரப்பினேன். மாமரம் இப்பகுதியில் எளிதில் கிடைக்கும், விலையும் தாளும். ஆனால் நன்றாக உலர்ந்ததாயும், பூச்சி துளைக்காதபடி மருந்திட்டதாயும் இருக்கவேண்டும். இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்க. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. அகலவாக்கில் மழைக்காலத்தில் பருக்கும், கோடையில் சுருங்கும். இரண்டடி அகலப் பலகையில் இந்த மாற்றம் கால் அங்குலம்வரை கூடப் போகலாம். எங்கும் இறுக்கித் திருகினால் பலகை வெடிக்கும். எனவே முன் விளிம்பில் மட்டும் இறுக்கமாகத் திருகிவிட்டு, பின்பக்கத்துத் திருகாணிகளுக்கு நீள்துளைகள் போட்டேன். விளிம்பு அசையவேண்டுமானால் பின்னோக்கி அசையட்டும்.

இனி, பிடிக்கும் வேலை. ஒரு பலகையை மூன்று விதமாகப் பிடிக்கவேண்டியிருக்கும்: படுக்கவைத்து, பக்கவாட்டில் நிறுத்தி, செங்குத்தாக நிறுத்தி.

படுக்கவைத்து இழைக்க, மேற்பலகையின் இடது கோடியில் சதுரத் துளையிட்டு ஒரு மர முளையை இறுக்கமாகச் செருகினேன். கீழிருந்து தட்டினால் எழும். மேலிருந்து தட்டினால் அமிழும். பலகையின் தலை அதில் முட்டி நிற்கும். முளை எப்போதும் பலகையைவிடத் தாழ்ந்திருக்கவேண்டும். இரும்பு ஆணியை முளையாக வைத்தால் ஒருநாள் இழைப்புளியின் அலகு போய்விடும்.

உளி வேலைக்குக் கொக்கி வேண்டும். முக்கால் அங்குல இரும்புக் கம்பியைக் கொல்லரிடம் கொடுத்து வளைத்து வாங்கினேன். மேசைத் துளையில் அதன் தண்டை விட்டுத் தலையில் ஓர் அடி அடித்தால், தண்டு துளைக்குள் சாய்ந்து சிக்கிப் பலகையை அழுத்திப் பிடிக்கும். பின்புறம் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். திருகும் இல்லை, மரையும் இல்லை. 1769-இல் பாரிஸில் வெளிவரத் தொடங்கிய ருபோவின் தச்சு நூலில் உள்ள மேசைப் படத்திலும் இக்கொக்கி உண்டு. மேற்பலகை இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் இது சரிவரப் பிடிக்காது. பலகையை நான் கனப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற இரண்டு விதங்களுக்கும் முன்புறத்து இடது கோடியில் ஓர் இரும்பு வைஸ் பொருத்தினேன். இடக்கைப் பழக்கமுள்ளோர் வலது கோடியில் வைத்துக்கொள்க. வைஸின் உள்தாடையும் மேசை விளிம்பும் முன்கால்களின் முகமும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். அப்போதுதான் நீண்ட பலகை முழுதும் மேசையோடு ஒட்டி நிற்கும். மறு கோடி தொங்காதிருக்க வலது முன்காலில் வரிசையாகத் துளையிட்டு, வேண்டிய உயரத்தில் ஒரு முளையைச் செருகினால் போதும். செங்குத்தாக நிறுத்தும்போது பலகை வைஸின் ஒரு பக்கத்தில் மட்டுமே சிக்கும், தாடை கோணும், பிடியும் தளரும். மறு பக்கத்தில் அதே கனமுள்ள ஒரு துண்டை வைத்துவிட்டால் கோணல் தீர்ந்தது. இந்த ஒரு சூத்திரம் தெரியாமல் இரண்டு வாரம் வைஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மேசைக்கு வார்னிஷ் பூச வேண்டாம், வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிதாகத் தடவினால் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்துவிடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்து உலரவைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

விடுதி அறையில் இத்தனைக்கும் இடமேது என்பீர்கள். அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பத்தங்குல நீளமும் ஏழங்குல அகலமும் உள்ள பலகை ஒன்றை எடுங்கள். ஒரு முனையில் மேற்புறமும், மறு முனையில் அடிப்புறமும் ஒவ்வொரு கட்டையைக் குறுக்கே பொருத்துங்கள். அடிக்கட்டை படிப்பு மேசையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேற்கட்டையில் மரத்தை முட்டவைத்து அறுக்கலாம். ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை. நான் இதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும். மூன்று தையல் மிச்சமாகியிருக்கும்.

அலமாரி முடிந்துவிட்டது. சங்க அறையின் வடக்குச் சுவரோரம் நிற்கிறது. இரண்டாம் தட்டின் மூட்டு ஒன்று சற்று இடைவெளி விட்டிருப்பதை உற்றுப் பார்ப்பவர்கள் காண்பார்கள். அது மேசை திருந்துவதற்கு முன் செய்த மூட்டு. வேண்டுமென்றே மாற்றாமல் விட்டிருக்கிறேன். புத்தகம் எடுக்க வரும்போது அதையும் பாருங்கள். ஞாயிறு மாலைகளில் மேசை சும்மாதான் இருக்கிறது. மரம் கொண்டு வருவோர் வரலாம். கை இரண்டு போதும், மூன்றாவது இங்கே இருக்கிறது.