ஐந்து வயதுக்கு முன் பிள்ளை யாருடைய பொறுப்பு? வன்னி முன்பள்ளிகளும் சமத்துவ உரிமையும்

இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. 1998 ஜனவரியில் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் இந்த மேல் எல்லை 16 வயதாக உயர்ந்தது. கீழ் எல்லையை யாரும் தொடவில்லை. ஐந்து வயது நிறைவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு பிள்ளை எங்கே இருக்க வேண்டும், யார் அதைப் பராமரிக்க வேண்டும், அதற்கு யார் பணம் தர வேண்டும் என்று அந்தக் கட்டாயக் கல்விச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

இந்த இடைவெளியை எமது ஊர்களில் நிரப்புவது, நாம் இன்னமும் பேச்சில் 'நேசறி' என்று சொல்லும் முன்பள்ளி. பெரும்பாலானவை அரச பாடசாலைகள் அல்ல. சனசமூக நிலையம், மாதர் சங்கம், கோயில், தேவாலயம், தொண்டு நிறுவனம், தனியார் என்று ஆளுக்கொரு பக்கத்தால் அவற்றை நடத்துகிறார்கள். பெற்றோர் மாதாந்தம் ஒரு தொகை கட்டுவார்கள். கட்ட முடியாத மாதத்தில் பிள்ளையை வீட்டில் மறிப்பார்கள். ஆசிரியை கேட்கமாட்டார், ஆனாலும் தாய்க்கு வெட்கம்.

அதிகாரம் யாரிடம் என்று கேட்டால் விடை சிக்கலானது. 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைக்குரியது. கொழும்பிலோ சிறுவர் செயலகம் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கான கொள்கையை வகுக்கிறது, அதன் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் இருக்கிறார்கள். பிரதேச சபைகள் சில இடங்களில் கட்டடம் தருகின்றன. வடக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கில் அதற்கு ஓராண்டுக்கு முன்னரே முடிந்துவிட்டது. அதன் பின்னர் தேர்தல் நடக்கவில்லை. முன்பள்ளி பற்றிக் கேள்வி கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இல்லாமல் ஆளுநரின் கீழ் ஆண்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

பொறுப்பாளர் இல்லாத இடத்துக்கு, பணமும் அதிகாரமும் உள்ளவர் வந்து அமர்வார். வன்னியில் வந்து அமர்ந்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களம்.

ஊர்காவல் படையை மாற்றியமைத்து 2006இல் உருவாக்கப்பட்ட இத்திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. போர் முடிந்த பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பண்ணைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் எமது ஆட்களையே அது வேலைக்குச் சேர்த்தது. முன்னாள் போராளிகளும், கணவனை இழந்த பெண்களும், படித்துவிட்டு வேலையின்றி இருந்த யுவதிகளும் அவர்களில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தைத் தளமாகக் கொண்ட அடையாளம் கொள்கை ஆய்வு மையம் 2017இல் இதைப் பற்றி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டது. திணைக்களத்தின் கீழ் வேலை செய்த முன்பள்ளி ஆசிரியை மாதம் முப்பதாயிரம் ரூபா அளவில் பெற, மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழிருந்த ஆசிரியைக்குக் கிடைத்தது சில ஆயிரம் ரூபா கொடுப்பனவு மட்டுமே. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளின் சீருடையில் திணைக்களத்தின் சின்னம் இருந்ததும் அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது.

சின்னம் பற்றிக் கோபப்படுவது இலகு. கோபப்படத்தான் வேண்டும், பாதுகாப்பு அமைச்சுக்கும் பாலர் வகுப்புக்கும் இடையே ஒரு சம்பந்தமும் இருக்கக் கூடாது. ஆனால் சின்னத்தைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது. சம்பள இடைவெளிதான் உண்மையான கயிறு. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு பெண், முப்பதாயிரத்தை விட்டுவிட்டு ஆறாயிரத்துக்கு வா என்று அழைக்கப்பட்டால் என்ன செய்வார்? அவரைத் துரோகி என்று திட்டியவர்களில் எத்தனை பேர் அந்த இருபத்துநான்காயிரத்தை ஒரு மாதமாவது கொடுக்க முன்வந்தார்கள்? எனக்குத் தெரிந்தவரை இந்த விடயத்தில் எமது அரசியல்வாதிகள் ஆசிரியைகளின் மனச்சாட்சியைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவர்களின் சம்பளப் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை.

உரிமையின் மொழியில் சொல்வதானால் இங்கே இரண்டு மீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒரே ஊரில், ஒரே வேலையைச் செய்யும் இரு பெண்களுக்கு அரசின் இரு கைகள் இரண்டு விதமாகச் சம்பளம் கொடுப்பது முதலாவது. அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. இரண்டாவது, பெற்றோரின் தெரிவுரிமை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின்படி பிள்ளையை வளர்க்கும் முதற்பொறுப்பு பெற்றோருடையது, அவர்களுக்குக் கைகொடுப்பது அரசின் கடமை. அதன் 29ஆவது உறுப்புரை, பிள்ளையின் மொழியையும் பண்பாட்டு அடையாளத்தையும் மதிக்கும் கல்வியைக் கேட்கிறது. ஊரில் இருப்பது ஒரேயொரு முன்பள்ளி, அதுவும் படைத்தரப்பைச் சார்ந்தது என்றால் அங்கே தெரிவு என்று ஒன்று இல்லை.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. 2009 மே மாதத்தில் ஆறு ஏழு வயதில் இருந்தவர்கள்தான் இன்று காலையில் முன்பள்ளி வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் இளம் தாய்மார். அவர்களுடைய முன்பிள்ளைப் பருவம் பதுங்குகுழியிலும் இடம்பெயர்விலும், பின்னர் மெனிக் பாமிலும் கழிந்தது. அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். சீருடை அணிந்தவரைக் கண்டால் ஒதுங்கி நிற்கப் பழகிய ஒருவர், தன் பிள்ளைக்காக அதே தரப்பிடம் போய் உரிமை கேட்பாரா? சமவாயத்தின் 39ஆவது உறுப்புரை ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் மீட்சியைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாய்மாராகிவிட்டார்கள். மீட்சிதான் இன்னும் வந்து சேரவில்லை.

படைத்தரப்பை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது நேர்மையாக இராது. எமக்குள்ளேயே இருக்கும் வேலிகளையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண நகரில் நல்ல கட்டணம் வாங்கும் பாலர் பாடசாலைகளில் நான்கு வயதிலேயே ஆங்கிலமும் கலை நிகழ்ச்சியும் வீட்டுவேலையும். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற மலையக வம்சாவளி மக்கள் வாழும் கிராமங்களில் நிலைமை வேறு. புலம்பெயர்ந்த உறவுகள் அதிகமுள்ள ஊரின் முன்பள்ளிக்குச் சறுக்கும் ஊஞ்சலும் வந்து சேரும், அப்படி யாரும் இல்லாத ஊருக்கு வராது. சாதியைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் நிருவாகக் குழு எந்தத் தெருவிலிருந்து வருகிறது, எந்தத் தெருப் பிள்ளைகள் அடுத்த கிராமத்துக்கு நடக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். சாதியைக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பது 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டம் இன்றும் செல்லும்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். பேச்சுத் தாமதமான பிள்ளையை, ஓரிடத்தில் இருக்காத பிள்ளையை, மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது ஊரெல்லாம் நடப்பது. ஆசிரியையைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பது பிள்ளைகளுக்கு ஒருவராக நிற்பவர் அவர். ஆயினும் அனுமதி மறுப்பு மறுப்புத்தான். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. மறுக்கப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். முன்பள்ளியும் கல்வி நிறுவனமே என்று வாதிட நிறைய இடமுண்டு. அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரையே சிறுவருக்கும் இயலாமை உள்ளோருக்கும் விசேட ஏற்பாடு செய்வதை அனுமதிக்கிறது.

பெற்றோர் நடைமுறையில் என்ன செய்யலாம்? முதலில் முன்பள்ளியை நடத்துவது யார் என்று பார்க்க வேண்டும். அரச திணைக்களமோ பிரதேச சபையோ நடத்துமானால், பாரபட்சத்துக்கு எதிராக 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம். கால அவகாசம் ஒரு மாதம் மட்டுமே. வன்னியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொழும்புக்கு ஓடிச் சட்டத்தரணி பிடிப்பது யாருக்கு முடியும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கொரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. எழுதிக் கொடுத்த பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கி வைத்திருங்கள். பலருடைய முறைப்பாடு பின்னர் தடுமாறுவது இந்தக் கடதாசி கையில் இல்லாததால்தான்.

தனியாரோ கோயிலோ தேவாலயமோ நடத்தும் முன்பள்ளி என்றால் அடிப்படை உரிமை மனு நேரடியாகப் பொருந்தாது. அங்கே பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும்தான் முதல் வாசல். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்றால் தாமதிக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

நான் அதிகம் நம்புவது இன்னொரு கருவியை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு வெள்ளைத்தாளில் வலயக் கல்வி அலுவலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ இப்படிக் கேட்டு எழுதலாம்: எமது பிரிவில் பதிவுசெய்யப்பட்ட முன்பள்ளிகள் எத்தனை, ஒவ்வொன்றையும் நடத்துவது யார், கடந்த ஆண்டு ஆசிரியர் கொடுப்பனவு எந்த முன்பள்ளிக்கு எவ்வளவு, பிள்ளைகளின் காலை உணவுக்கு வந்த நிதி எங்கே போனது, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. நாலு தாய்மார் சேர்ந்து நாலு கிராமங்களுக்கு இப்படிக் கேட்டு, வரும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கிராமத்துக்குக் கிடைக்கிறது, எந்தக் கிராமத்துக்குக் கிடைக்கவில்லை என்பது அரச முத்திரையுடனேயே கையில் இருக்கும்.

முதலாம் ஆண்டு அனுமதியை எதிர்பார்த்திருக்கும் பெற்றோருக்கு ஒரு விடயம். முன்பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டால் அரச பாடசாலையில் சேர்க்கமாட்டார்கள் என்று ஆண்டுதோறும் ஒரு கதை பரவுகிறது, சில இடங்களில் அதைக் காட்டியே கட்டண நிலுவை அறவிடப்படுகிறது. முதலாம் ஆண்டுக்கு வேண்டியது ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருப்பது. முன்பள்ளிக்கு ஒருநாளும் போகாத பிள்ளைக்கும் அந்த வகுப்பில் இடமுண்டு. அப்படிச் சொல்லி யாராவது உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.