காகிதக் கூடும் கண்கட்டும்

நாடக மேடையில் ஒளி, மாந்தரைக் காட்டுவதோடு நில்லாது, அவர்கள் எதைக் காண மறுக்கின்றனர் என்பதையும் உணர்த்துகிறது. அமெரிக்க நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்சின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' 1947இல் மேடையேறியது. அதன் தலைமை மாந்தரான பிளான்ச், அறைவிளக்கின்மேல் வண்ணக் காகிதக் கூடு ஒன்றை மாட்டச் செய்கிறாள். தன் வயதும் கடந்த காலமும் அந்த மங்கலில் மறைந்துவிடும் என்பது அவளது நம்பிக்கை. அவளை மணக்க எண்ணியிருந்த மிட்ச், ஒருநாள் அக்கூட்டைக் கிழித்தெறிந்து அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறான்.

தமிழ்த் தெருக்கூத்து இதைவிட ஆழமான காட்சியைப் பாரதக் கதையில் கண்டது. வடசென்னையை அடுத்த திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டி இரவு முழுவதும் கூத்து நிகழும். தீப்பந்தமும் பின்னர்ப் பெட்ரோமாக்சும் தந்த ஒளியை இன்று மின்விளக்குகள் தருகின்றன. துகிலுரியும் அவையில் அரசனாக இருப்பவன் திருதராட்டிரன். அவனுக்குப் பார்வையில்லை என்பது குற்றமன்று. செவியிருந்தும் வாளாவிருந்ததே குற்றம். காந்தாரியோ தன் கண்களைத் தானே கட்டிக்கொண்டவள். கற்பின் செயலாக அது போற்றப்படினும், புதல்வரின் தீமையைப் பாராதிருக்கவும் அத்துணி உதவிற்று எனக் கொள்ள இடமுண்டு. வீடுமனும் துரோணரும் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவர்கள். அவர்களுக்குக் கண்ணுண்டு, அவையில் ஒளியுமுண்டு. இருந்தும் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கின்றனர்.

இரவுகளில் நடந்துவந்த கதை, துரியோதனன் படுகளத்தில் பகலுக்கு வந்துவிடுகிறது. திறந்தவெளியில் மண்ணால் அமைத்த பேருருவைச் சூழ இறுதிப்போர் நடிக்கப்படுகிறது. வெயிலில் அரிதாரம் வியர்வையில் கரைவது தெரிகிறது. கூடி நிற்கும் ஊராரின் முகங்களும் தெரிகின்றன.

அரங்கினுள் நிகழும் நாடகத்தில் நிலை வேறு. மேடைக்கு ஒளி, பார்வையாளர்க்கு இருள். அவ்விருளே பார்ப்போர் தம்மேல் மாட்டிக்கொண்ட காகிதக் கூடு எனலாம். இவ்வமைப்பைத் துறந்தவர் வங்க நாடகக் கலைஞர் பாதல் சர்க்கார். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை, தமிழ் வீதி நாடகத்திற்குப் புத்தூக்கம் அளித்தது.

திருவொற்றியூர், எண்ணூர் முதலிய தொழிற்பகுதிகளின் ஆலை வாயில்கள் வீதி நாடகத்திற்கு இயல்பான களங்கள். அங்குத் திரையில்லை, விளக்குமில்லை. வேலை முடிந்து வருவோர் உணவுத் தூக்குடன் வட்டமாக நின்று காண்பர். எந்திரத்தில் விரலிழந்த தொழிலாளியாக ஒருவர் நடிக்கும்போது, அதேபோல் விரலிழந்த ஒருவர் எதிரிலேயே நிற்கக்கூடும். மேலாளராக நடிப்பவர் ஒரு துணியை எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டால் போதும். கூட்டத்திற்கு விளக்கம் தேவைப்படாது. அவ்வட்டத்தில் எவரும் இருளில் இல்லை. பார்வையை வேறுபக்கம் திருப்புபவரை அருகில் நிற்பவர் பார்த்துவிடுவார்.